சந்தனம் படாத பன்னிரண்டு பாபின்கள்

ஏழு மணிக்குத்தான் சங்கு ஊதும். மயிலாத்தாள் ஆறேகாலுக்கே மில் கேட்டைத் தாண்டிவிடுவாள். வேலையில் அவளுக்கு அவ்வளவு அக்கறை என்று புதிய வாட்ச்மேன் நினைத்தான். பழையவனுக்குக் காரணம் தெரியும். காலை ஷிப்டுக்கு வருகிற முந்நூறு பேரில் ஒருவர்கூட அவள் முகத்தில் விழித்துவிடக் கூடாது. விழித்தால் அன்றைக்கு நூல் அறும், பெல்ட் கழலும், மேஸ்திரி வைவார். அப்படி ஒரு நம்பிக்கை. சாயங்காலமும் அப்படியேதான். எல்லோரும் போய் ஓய்ந்த பிறகு வாட்ச்மேன் கையைக் காட்டுவான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நல்லூர் வரை இரண்டரை மைல் நடப்பாள்.

இருபது வயதில் அவள் வெள்ளைச் சேலைக்கு வந்தாள். புருஷன் மருதாசலம் ஒரு பனியன் கம்பெனியில் பின்னல் மெஷின் ஓட்டியவன். 1956 சித்திரையில் பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். அந்த வாரம் அந்தத் தெருவில் நான்கு சாவு. தெருக்குழாயின் அடியில் சாக்கடை கசிந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். குழாயை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அதே குழாயடியில் குடத்தை வைத்து வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண்ணைக் கண்டுதான் வழிமாறிப் போனார்கள்.

மில்லில் ரீலிங் பகுதியில் வேலை கிடைத்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நூலைச் சிட்டமாகச் சுற்றும் இடம். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முக்காலி காலியாகவே கிடந்தது. நான்கு வருஷம் அந்தக் காலி முக்காலிகளுக்கு நடுவில் வேலை பார்த்தாள். யாரும் அவளை ஏசவில்லை. ஏசினால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

1961-ல் மில் முதலாளி ரத்தினசாமிக்கு ஒரு யோசனை பிறந்தது. நூல் சுற்றும் மரபாபின்கள் மழைக்காலத்தில் கோணிக்கொள்ளும், வெயில் காலத்தில் வெடிக்கும். பம்பாயில் பிளாஸ்டிக் குருணை வருகிறதே, அதை உருக்கி வார்த்து, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பாபின் செய்தால் என்ன? எவ்வளவு நூல் மிச்சம் என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மரத்தைப் போலத் தாங்கவும் வேண்டும், கண்ணாடியைப் போலத் தெரியவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த பொருள் லேசில் அமையாது. ரப்பர் கலந்தால் உறுதி வரும், ஆனால் பால் விட்டாற்போல மங்கிப்போகும். கலக்காவிட்டால் பளிங்குபோல இருக்கும், தட்டினால் நொறுங்கும். இந்த இழுபறியைத் தீர்க்க, பம்பாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த சிவசுப்பிரமணியம் என்ற இளைஞரை வேலைக்கு வைத்தார். பஞ்சுக் குடோனை ஒட்டி இரண்டு அறைகள் ஆராய்ச்சிக் கூடம் ஆயின. ஒன்றில் குருணையை உருக்கி அச்சில் வார்க்கும் கைமெஷின். இன்னொன்று ஜன்னலெல்லாம் கருப்புத் துணி அடித்த இருட்டறை.

இருட்டறையில் உட்கார ஆண்கள் யாரும் வரவில்லை. கண் போய்விடும் என்றார்கள். சிவசுப்பிரமணியம் ரீலிங் பகுதிக்கு வந்து அவளைக் கூப்பிட்டார்.

"கண்ணு நல்லாத் தெரியுமாம்மா?"

"இருவது எழை ஓடறப்ப ஒரு எழை அறுந்தாச் சொல்லிப்போடுவனுங்க."

"இருட்டுல ஒண்டியா உக்காரோணும்."

"அது புதுசில்லீங்க சார்."

அறைக்குள் ஒரு விளக்குப் பெட்டி, அதன் முன்னால் வெளிச்சம் ஊடுருவும் இரண்டு கருங்கண்ணாடித் தகடுகள். ஒரு தகட்டைத் திருப்பினால் விளக்கு மெல்ல மங்கி முழு இருட்டாகிவிடும். அந்த இருட்டில், இரண்டு தகடுகளுக்கு நடுவில், சிவசுப்பிரமணியம் ஒரு பாபினை வைத்தார். வெறும் கண்ணாடியாகத் தெரிந்த சாமான் எங்கும் வண்ணப் பட்டைகள் எழுந்தன. மஞ்சள், அரக்கு, நீலம், பச்சை, மறுபடியும் மஞ்சள். மயிலாத்தாள் ஐந்து வருஷமாக வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை உடம்பில் சேர்க்காதவள்.

"இதெல்லாம் உள்ளுக்கு இருக்கற இறுக்கம்மா. அச்சுல ஊத்தறப்ப வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறிக் கெட்டியாயிருது. உள்பக்கம் சாவகாசமா ஆறிச் சுருங்கும். வெளிப்பக்கம் உடாது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பட்டை எச்சா இருந்தா இறுக்கம் எச்சுன்னு அர்த்தம்."

"வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியறதில்லீங்களே."

"தெரியாது."

"உள்ளுக்குள்ள இத்தனை இழுவை."

அன்றிலிருந்து அவள் வேலை பட்டைகளை எண்ணுவது. ஒவ்வொரு பாபினுக்கும் ஒரு எண், எண்ணுக்கு நேரே பட்டைக் கணக்கு. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், குண்டு குண்டான எழுத்தில் மூன்று வருஷத்தில் பதினொரு நோட்டுகள் நிரப்பினாள். இரண்டாவது வருஷம் அவளே ஒன்றைக் கவனித்தாள். பருத்தி மாதிரியைக் காயவைக்கும் மின்சார அடுப்பின் மேல் மறந்துபோய் வைத்த ஒரு பாபின், மறுநாள் பார்த்தபோது ஐந்து பட்டையிலிருந்து மூன்றாகிவிட்டிருந்தது. சிவசுப்பிரமணியத்திடம் சொன்னாள். எழுபத்தைந்து டிகிரிச் சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் இரண்டு பட்டைக்கு இறங்குகிறது என்று இருவருமாகச் சோதித்து முடித்தார்கள். அறிக்கையில் அவர் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. அதை அவள் ஒரு குறையாக எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

அந்த அறை அவளுக்குப் பிடித்துப்போனது. முக்காலியைக் காலியாகப் போட்டு விலகிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

1964 புரட்டாசியில் நாற்பத்தெட்டு பாபின்கள் தயாராயின. நேரம் போதாததால் அவற்றை அடுப்புச் சூட்டில் வைத்து ஆற்றவில்லை, எல்லாமே ஐந்து பட்டைக்காரர்கள். முப்பத்தாறை ஏழாம் நம்பர் மெஷினில் மாட்டினார்கள். பன்னிரண்டை இருட்டறையில், மெஷினில் பாபின் மாட்டும் அதே அளவு இரும்புக் கதிர்களில் இறுக்கிச் செருகி, நாள்பட எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மில் முதலாளிகள் நான்கு பேர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

நடுவில் ஆயுத பூசை வந்தது. நோம்பியன்று மெஷின் எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைப்பார்கள். அன்றைக்கு மயிலாத்தாள் வரக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் வரமாட்டாள். அந்த வருஷமும் வரவில்லை. முந்தின நாள் பொழுதோடு கதிர்களை ஒருமுறை பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பூசை போடுகிற மேஸ்திரி நாச்சிமுத்து சந்தனக் கிண்ணத்தோடு அந்தக் கதவு வரை வந்து நின்றார். யாருடைய அறை என்று நினைவு வந்தது. "இங்க வேண்டாம், போலாம்" என்று திரும்பிவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. தேங்காய் உடைத்து ஏழாம் நம்பர் மெஷினை ஓட்டினார்கள். பத்து மணிக்கு முதல் பாபின் வெடித்தது. மதியச் சாப்பாட்டுக்குள் முப்பத்தொன்று. வெடித்த ஓசை, பொரி வறுக்கிற மாதிரி ஒன்றின்பின் ஒன்றாக இருந்ததாம்.

மூன்று மணிக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் சிவசுப்பிரமணியமும் நாச்சிமுத்துவும் நின்றிருந்தார்கள்.

"முப்பது வருசமா நான் பூசை போடறனுங்க" என்றார் நாச்சிமுத்து, முதலாளியைப் பார்த்து. "இரும்பு ஒடஞ்சிருக்குதா? மரம் ஒடஞ்சிருக்குதா? இந்தச் சாமானத்துக்கு மட்டும் ஏனுங்க இப்படி? மூணு வருசமா அத்தனையும் ஆரு கைல கெடந்துச்சுன்னு நான் சொல்லோணுமா?"

சிவசுப்பிரமணியம் கீழே பார்த்தார்.

ரத்தினசாமி கெட்டவர் அல்ல. அவளை உட்காரச் சொல்லியிருப்பார், அவள் உட்காருகிறவளாக இருந்தால். "பாரம்மிணி, உன்மேல ஆருக்கும் கோவமில்ல. ஆனா தறிக்காரன் முதக்கொண்டு பேசறான். திங்கக்கெழமை ஆளு வர்றாங்க. நீ நாளையிலிருந்து வர வேண்டாம்."

"ரீலிங்குக்குப் போயிரட்டுங்களா?"

"அங்கயும் பொம்பளைங்க ஒப்பமாட்டேங்கறாங்க."

அவள் அழவில்லை. அந்த அறை போய்விட்டால் வீட்டில் நான்கு சுவர் இருக்கிறது, அதிலும் ஆளில்லை, ஆனால் அந்தச் சுவர்களுக்குள் எண்ணுவதற்கு ஒன்றும் கிடையாது. அவளுக்கு அப்போது தோன்றியது அது ஒன்றுதான்.

"ஒடஞ்சதையெல்லாம் ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றனுங்க" என்றாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க. நோட்டுல எழுதோணும்."

நோட்டில் எழுதுவது வரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

உடைந்தவற்றை ஒரு கூடையில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒவ்வொன்றாகத் தகடுகளுக்கு நடுவில் வைத்தாள். எண்ணைப் பார்த்து நோட்டைப் புரட்டினாள். பட்டைகள் பழைய கணக்கிலேயே இருந்தன, ஐந்து, ஐந்து, ஐந்து. வார்ப்பில் புதிதாக ஒன்றும் கெடவில்லை. பிறகு விரிசல்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பாபினிலும் சந்தனம் மூன்று விரல் கோடாகக் காய்ந்திருந்தது. விரிசல் எல்லாமே அந்த மூன்று கோடுகளுக்குள் தொடங்கி வெளியே ஓடியிருந்தது. ஒன்றுகூட வெறும் இடத்தில் தொடங்கவில்லை.

சுவரோரம் அவளுடைய பன்னிரண்டு பாபின்கள் கதிர்களில் இறுகி நின்றன. அதே குருணை, அதே அச்சு, அதே ஐந்து பட்டை. ஒரு கீறல் கிடையாது. சந்தனமும் கிடையாது.

விரலால் காய்ந்த சந்தனத்தைத் தேய்த்தாள். வழுவழுத்தது.

ஷிப்டு முடிந்து ஹாலைக் கூட்ட வரும் கருப்பாத்தாள் ஒருத்திதான் அந்த மில்லில் அவளோடு சரிசமமாகப் பேசுகிறவள். அவளும் எல்லோரும் போன பிறகு போகிறவள், அவளுக்கு அதற்கு வேறொரு காரணம், வேறொரு சாதிக் கணக்கு. மயிலாத்தாள் ஹாலுக்குப் போய் அவளிடம் கேட்டாள்.

"ஏனக்கா, நேத்து சந்தனம் ஆரு கரைச்சாங்க?"

"ஆரு கரைப்பாங்க, மேஸ்திரிதான். அதெங்க ஒட்டுச்சு மயிலு, அந்தக் கண்ணாடிச் சாமானத்துல? தண்ணில கரைச்சு இட்டா உருண்டு உருண்டு கீழ ஓடுது. மேஸ்திரிக்கு வந்த கோவத்தப் பாக்கோணுமே. சாமிக்கே வழுக்குது பாரு இந்தப் பம்பாய்ச் சரக்குங்கறாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, அங்க நூல்காரப் பொண்ணு ஒருத்திகிட்டத் தலைக்குத் தடவற தேங்காண்ணெய் பாட்டலு இருந்துச்சு. அத உட்டுக் கொழைச்சாரு. கிண்ணுனு புடிச்சுக்கிச்சு. பாபினெல்லாம் எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாப்பளையாட்டம் மினுமினுன்னு இருந்துச்சு போ."

"மத்த மெஷினுக்கு?"

"அதுக்கெல்லாம் பச்சத் தண்ணிதான். இந்த ஒண்ணுக்குத்தான் எண்ணெய் நோம்பி." கருப்பாத்தாள் விளக்குமாற்றை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. எனக்கொரு சொட்டு எண்ணெய் வேணும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் சிவசுப்பிரமணியத்திடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணெய் பட்டால் இந்தப் பிளாஸ்டிக் இறுக்கத்தில் இருக்கும்போது வெடிக்கும் என்று பம்பாயில் எங்கோ ஒரு மூலையில் படித்தது அவருக்கு நினைவு வந்தது. வெட்கமும் வந்தது. அந்த வெட்கம்தான் அவரை முதலாளியையும் மேஸ்திரியையும் இருட்டறைக்கு அழைத்து வரச் செய்தது.

நாச்சிமுத்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"மேஸ்திரிங்களே" என்றாள் மயிலாத்தாள், "இந்தப் பன்னண்டும் நான் தொட்டதுங்க. வார்த்த நாள்லருந்து நான் ஒருத்திதான் தொட்டது. முந்தாநேத்து நீங்க இதுக்குச் சந்தனம் வெக்கல."

"வெக்கல. என்ன இப்ப?"

"இதுல நாலுக்கு நான் தேங்காண்ணெய் தடவறனுங்க. இன்னொரு நாலுக்கு உங்க கையாலயே தடவுங்க. மிச்ச நாலை நான் வெறுங்கைல நல்லாத் தேச்சு உடறேன். எண்ணெய் இல்லாம."

"எதுக்கு இந்த வேடிக்கை?"

"எங்கைல பாவமிருந்தா வெறுங்கைல தேச்ச நாலும் ஒடையோணும். உங்க கை பட்ட நாலு ஒடையக் கூடாது. பாத்துப்போடலாமுங்க."

ரத்தினசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு, "தடவப்பா" என்றார் மேஸ்திரியிடம்.

நாச்சிமுத்து உள்ளே வந்தார். மூன்று வருஷத்தில் அந்த நிலைப்படியை அவர் தாண்டியது அன்றைக்குத்தான். நான்கு பாபின்களுக்கும், சாமிக்கு இடுகிற பக்தியோடு, மூன்று விரலால் இழுத்தார். அவள் தன் நான்குக்கும் அதேபோல் மூன்று விரலால் இழுத்தாள். பிறகு மிச்ச நான்கையும் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து, மெதுவாக, குழந்தைக்கு உடம்பு துடைப்பதுபோல், ஒவ்வொன்றையும் முழுக்கத் தேய்த்தாள்.

பதினொன்றரைக்கு மேஸ்திரியின் நான்கில் ஒன்று வெடித்தது. அவளுடைய எண்ணெய் பாபின் பன்னிரண்டரைக்கு. மூன்று மணிக்குள் எட்டும் போயின. வெறுங்கை பட்ட நான்கும் நின்றன. அவள் ஒவ்வொன்றையும் தகடுகளுக்கு நடுவில் வைத்துக் காட்டினாள். விரிசல் முனையில் வெளிச்சம் ஊசி முனைபோல் மின்னியது.

ஒரு பெண்ணின் கையில் பாவம் இல்லை என்று நிரூபிக்க எட்டு பாபின்கள் வேண்டியிருந்தன. அந்தக் கையில் பாவம் இருக்கிறது என்று நம்புவதற்கு யாரும் ஒரு பாபின்கூடக் கேட்கவில்லை.

நாச்சிமுத்து தன் விரல்களைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எண்ணெய்ங்கறது ஆருக்குங்க தெரியும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரத்தினசாமி, "இனிமே பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் காட்டாதீங்க" என்று ஒரு உத்தரவு எழுதி ஒட்டச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ இங்கயே இரும்மிணி. ஆருஞ் சொல்லமாட்டாங்க."

"சரிங்க."

"திங்கக்கெழமை மட்டும் ஒரு நாள் லீவு எடுத்துக்க. வர்றவங்க பெரிய எடத்து ஆளுங்க. நல்ல காரியத்துக்கு வர்றாங்க. உனக்கே புரியும்."

நிரூபித்ததெல்லாம் பாபினைப் பற்றித்தான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அவள் லீவு எடுக்கவில்லை. வழக்கம்போல ஆறேகாலுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உடையாமல் நின்ற நான்கையும், இரண்டு நாளில் அடுப்பில் வைத்து ஆற்றியெடுத்த புதுப் பாபின்களையும் மேஜையில் எடுத்து வைத்தாள். பதினோரு மணிக்குச் சிவசுப்பிரமணியம் விருந்தாளிகளோடு கதவைத் திறந்தார். முக்காலியில் அவளைக் கண்டதும் அவர் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த ரத்தினசாமியின் முகம் கறுத்தது. அவள் எழுந்தாள். வெளியே போகவில்லை. தகட்டைத் திருப்பி விளக்கை மங்கவிட்டு, நடுவில் பாபினை வைத்தாள்.

வந்தவர்களில் வயதானவர் குனிந்து பார்த்தார். அவருக்கு வெள்ளைச் சேலையைவிட வண்ணப் பட்டை பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். "எத்தனை பட்டைங்க இது? எவ்வளவு வரைக்கும் தாங்கும்?" என்று சிவசுப்பிரமணியத்தைக் கேட்டார். சிவசுப்பிரமணியம் அறிக்கையைப் புரட்டினார்.

"அஞ்சுங்க" என்றாள் மயிலாத்தாள் இருட்டிலிருந்து. "எழுவத்தஞ்சு டிகிரில எட்டு மணி நேரம் வெச்சு ஆத்துனா ரெண்டுங்க. ரெண்டு இருந்தா ஒரு தடவ கீழ விழுந்தாக்கூட ஒடையாது. எண்ணெய் மட்டும் படக் கூடாது."

"எழுதிக்கிட்டீங்களா?" என்றார் அந்த வயதானவர், கூட வந்தவரிடம்.

பிறகு அவர்கள் சாப்பிடப் போனார்கள். ஆபீஸ் அறையில் தலைவாழை இலை போட்டிருந்தார்கள். சாம்பார் வாசனை குடோன் வரை வந்தது. அவள் தூக்குப்போசியைத் திறந்து, கம்மஞ்சோற்றைத் தகடுகளின் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டாள்.

அந்தக் கண்ணாடி பாபின் கடைசிவரை பெரிய அளவில் தயாராகவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து வேறு ஊர்களில் ரப்பர் கலந்த மங்கலான பாபின் மலிவாக வந்துவிட்டது. உள்ளே தெரியாவிட்டால் என்ன, உடையாமல் இருந்தால் போதும் என்று எல்லோரும் அதற்கே போனார்கள். சிவசுப்பிரமணியம் பம்பாய்க்கே திரும்பிப் போனார். இருட்டறை, வரும் பாபினைச் சோதித்து வாங்கும் அறையாக மாறியது. உள்ளே ஒளி நுழையாத சாமானைத் தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பயனில்லை. ஆனாலும் மயிலாத்தாள் தினம் ஒருமுறை விளக்கைப் போட்டு, அந்த நான்கு பழைய பாபின்களையும் எண்ணிப் பார்த்தாள். 1974-ல் நோட்டு முப்பத்தெட்டாக இருந்தது. ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து.

அதெல்லாம் பிறகு நடந்தது. விருந்தாளிகள் வந்துபோன மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஆறேகாலுக்குப் பழைய வாட்ச்மேன் வழக்கம்போலக் கேட்டைத் திறந்து வைத்துப் பார்த்தான். அவள் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. வேலையை விட்டு நின்றுவிட்டாள் போல என்று நினைத்தான்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஊத்துக்குளி ரோட்டில் காலை ஷிப்டு கூட்டமாக வந்தது. நடுவில் மயிலாத்தாள் வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து நடையை எட்டிப் போட்டார்கள். பக்கத்தில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் நடையைத் தளர்த்தினார்கள். அவளைச் சுற்றிப் பத்தடிக்கு வெறும் ரோடு, அதுவும் அவளோடு கூடவே நகர்ந்து வந்தது. அவள் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சங்கு ஊதியபோது சரியாகக் கேட்டுக்குள் கால் வைத்தாள்.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கே வந்தாள்.